ஜூஜூவாடியில் பேருந்து நிற்கும்போது...

(ஓசூரில் நடந்த கூட்டமொன்றில் ஆற்றிய உரை, வாசகர்களுக்காக எழுத்து வடிவில்)



மேடையில் பேசியதைத் தாளில் இறக்கும்போது கைதட்டலுக்காகச் சொன்னவை தாமாகவே உதிர்ந்துவிடும். விஷயம் மட்டும் மிஞ்சும். அதை உங்கள் முன் வைக்கிறேன். படித்துவிட்டு மடித்து வைத்துவிடாமல், எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் உங்கள் உறவினர் ஒருவருக்காவது வாசித்துக் காட்டுங்கள் என்ற ஒரே வேண்டுகோளுடன் தொடங்குகிறேன்.

2023 செப்டம்பர் 26 அன்று பெங்களூருவில் பந்த். மூன்றே நாள் கழித்து, 29 அன்று கர்நாடகம் முழுவதும் பந்த். காரணம் உங்களுக்குத் தெரியும்: காவிரி. மழை பொய்த்த ஆண்டு அது. தமிழ்நாட்டுப் பேருந்துகள் ஜூஜூவாடியோடு நின்றன. இறங்கியவர்கள் பையையும் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு அத்திப்பள்ளி நோக்கி நடந்தார்கள். இது புதிதா? 2016 செப்டம்பர் 12 அன்று பெங்களூருவில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பேருந்துகள் ஒரே பணிமனையில் வரிசையாக எரிந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். அதற்கும் முன்னால், 1991 டிசம்பரில், நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பு அரசிதழில் வெளியானபோது பெங்களூரிலும் சுற்றுப்புறங்களிலும் நடந்த வன்முறையில் உயிர்கள் போயின. ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு இந்தச் சாலை வழியாகத்தான் வந்தன. அன்று வந்தவர்களில் சிலர் இன்னும் தருமபுரி, சேலம் பக்கம் இருக்கிறார்கள். பலர் திரும்பிப் போய் அதே தெருவில் குடியேறினார்கள். பிழைப்பு அங்கேதானே இருக்கிறது!

ஒவ்வொரு முறையும் அடி வாங்குவது யார்? பொம்மசந்திரத்திலும் எலக்ட்ரானிக் சிட்டியிலும் ஷிப்ட் வேலைக்குப் போகிற நம் பிள்ளைகள். தக்காளியும் பூவும் ஏற்றிய வண்டிக்காரர். நிம்ஹான்ஸுக்கும் கித்வாய்க்கும் நோயாளியை அழைத்துச் செல்ல வேண்டிய குடும்பம். இந்தப் பக்கம் சிப்காட்டுக்கு வேலைக்கு வருகிற ஆனேக்கல் இளைஞர். நம் சமுதாயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஓசூர், தேன்கனிக்கோட்டை, கிருஷ்ணகிரி உருது பேசும் குடும்பங்களில் ஆனேக்கலிலோ கோலாரிலோ பெங்களூரு சிவாஜி நகரிலோ சம்பந்தி இல்லாத வீடு எத்தனை? எல்லைக் கதவு மூடப்பட்டால் நிக்காஹ் பத்திரிகையில் அச்சிட்ட தேதி மட்டும்தான் மாறாமல் இருக்கும்.

இத்தனை பேருடைய வாழ்வைத் தொடும் இந்தப் பிரச்சினையில் பேசுவது யார் என்று எண்ணிப் பாருங்கள். அரசு அரசோடு பேசுகிறது. வழக்கறிஞர் வழக்கறிஞரோடு வாதிடுகிறார். தொலைக்காட்சிக்காரர் எல்லோரோடும் கத்துகிறார். ஆற்றங்கரையில் இருப்பவனும் சாலையோரத்தில் இருப்பவனும் தமக்குள் பேசிக்கொள்வதற்கு மட்டும் ஓர் ஏற்பாடு இல்லை. அரசு சாராத மக்கள் எல்லை தாண்டிப் பேசுவது என்பது என்ன, அதனால் எது நடக்கும், எது நடக்காது என்பதுதான் இன்று என் பேச்சு.

தொரப்பள்ளிக்காரர் வாஷிங்டன் போன கதை

வெளியூர் உதாரணத்துக்குப் போகும் முன் நம் ஊர்க்காரர் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஓசூருக்கு அருகில் உள்ள தொரப்பள்ளியில் 1878-ல் பிறந்தவர் ராஜாஜி. அவருடைய கொள்கைகள் பலவற்றை நாம் ஏற்றவர்கள் அல்லர். 1953-ல் அவர் கொண்டுவந்த கல்வித் திட்டத்தைத் தமிழ்நாடே ஏற்கவில்லை. 1967 தேர்தலில் காயிதே மில்லத்தும் அவரும் ஒரே அணியில் நின்றார்கள் என்பதற்காக அவர் செய்தது எல்லாம் சரி என்றும் ஆகிவிடாது. ஆனால் 1962-ல் அவர் செய்த ஒரு காரியத்தை இந்த ஊரிலேயே பலர் அறியவில்லை.

அமெரிக்காவும் சோவியத் ரஷ்யாவும் போட்டி போட்டுக்கொண்டு அணுகுண்டுகளை வெடித்துச் சோதித்துக்கொண்டிருந்த காலம். அந்த ஆண்டு ஜூன் மாதம் காந்தி அமைதி நிறுவனம் டில்லியில் அணு ஆயுத எதிர்ப்பு மாநாடு ஒன்றை நடத்தியது. சோதனைகளை நிறுத்தும்படி வல்லரசுகளிடம் நேரில் சென்று கேட்பது என்று முடிவாயிற்று. அமெரிக்காவுக்குச் சென்ற குழுவின் தலைவர் ராஜாஜி. வயது 83. அதுவரை மேற்கு நாடுகளுக்குச் சென்றிராதவர். அரசுப் பதவி எதுவும் அப்போது அவரிடம் இல்லை. சொல்லப்போனால் நேரு அரசை எதிர்ப்பதற்காகவே 1959-ல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கியவர். ஆகவே அது அரசாங்கத் தூது அல்ல. முழுக்க முழுக்க குடிமக்கள் தூது.

உடன் சென்ற இருவர் யார் என்பதைக் கவனியுங்கள். ஒருவர் தார்வாடைச் சேர்ந்த ஆர்.ஆர்.திவாகர். மற்றவர் மங்களூரைச் சேர்ந்த பெனகல் சிவராவ். ஓசூர்ப் பக்கத்துத் தமிழர் ஒருவரும் கன்னட நாட்டார் இருவரும் சேர்ந்து உலகத்துக்காகப் பேசப் போனார்கள்! செப்டம்பர் இறுதியில் வெள்ளை மாளிகையில் கென்னடியைச் சந்தித்தார்கள். ஒதுக்கிய நேரத்தைத் தாண்டி உரையாடல் நீண்டது.

உடனே ஏதாவது நடந்ததா? இல்லை. அடுத்த மாதமே கியூபாவில் ஏவுகணை நெருக்கடி வெடித்து உலகம் அணுப் போரின் விளிம்புக்குப் போனது. ஆனால் 1963 ஆகஸ்டில் மாஸ்கோவில், வான்வெளியிலும் கடலடியிலும் விண்வெளியிலும் அணுச் சோதனை செய்வதைத் தடுக்கும் உடன்படிக்கை கையெழுத்தானது. ராஜாஜி போனதால்தான் கையெழுத்தானது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்த உடன்படிக்கைக்குப் பின்னால் பல ஆண்டுகள், பல நாட்டு மக்கள் கொடுத்த நெருக்கடி இருந்தது. கனடாவின் பக்வாஷ் என்னும் மீனவ ஊரில் 1957 ஜூலையில் 22 அறிவியலாளர்கள் கூடினார்கள். அமெரிக்கரும் ரஷ்யரும் அதில் இருந்தார்கள். அந்தக் கூட்டம் முதலில் டில்லியில் நடக்க வேண்டியது. சூயஸ் நெருக்கடியால் கனடாவுக்குப் போயிற்று. அரசுகள் முகம் கொடுத்துப் பேசாத நாட்களில் பக்வாஷ் அமைப்பினர் பேசிக்கொண்டே இருந்தார்கள். 1995-ல் அவர்களுக்கு நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது. 2002 முதல் 2007 வரை அதன் தலைவராக இருந்தவர் கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ்.சுவாமிநாதன்.

இப்படிப்பட்டவர்கள் பிறந்த மண்ணில் இருந்துகொண்டு, நாற்பது கிலோமீட்டரில் இருக்கும் பெங்களூருவோடு பேச நமக்கு வழி தெரியவில்லை என்றால் எப்படி?

காவிரிக் குடும்பம்

வழி தெரிந்தவர்கள் சிலர் இருந்தார்கள். அவர்களைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்கிறேன். ஏனெனில் நம்முடைய பிரச்சினைக்கு இதைவிட நெருக்கமான முன்மாதிரி கிடையாது.

2002 ஒரு கொடிய ஆண்டு. பருவமழை தவறியது. மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12-ல் திறக்கப்படவில்லை, குறுவை போயிற்று. கர்நாடகத்தில் அன்றைய முதல்வர் எஸ்.எம்.கிருஷ்ணா பாதயாத்திரை புறப்பட்டார். இங்கே திரையுலகம் நெய்வேலியில் திரண்டது. இரண்டு பக்கமும் அனல் பறந்துகொண்டிருந்த அந்த நேரத்துக்குப் பின், 2003 ஏப்ரலில், சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் பேராசிரியர் எஸ்.ஜனகராஜன் இரு மாநில விவசாயிகளையும் சென்னையில் ஓர் அறையில் உட்கார வைத்தார். அமைச்சர்கள் இல்லை, அதிகாரிகள் இல்லை. அந்தக் கூட்டம் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் ‘காவிரிக் குடும்பம்’.

வந்தவர்கள் சாதாரணமானவர்கள் அல்லர். மன்னார்குடி எஸ்.ரங்கநாதன் வந்தார். 1983-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போன டெல்டா விவசாயிகளின் முன்னணியில் நின்றவர் அவர். அந்த வழக்கின் தொடர்ச்சியாகத்தான் 1990-ல் நடுவர் மன்றமே அமைந்தது. மாண்டியாவிலிருந்து கர்நாடக ராஜ்ய ரைத சங்கத்தின் கே.எஸ்.புட்டண்ணையா வந்தார். தண்ணீர் திறக்கக் கூடாது என்று சாலையில் இறங்கிய இயக்கத்தின் தலைவர். அதாவது, ஒருவரை ஒருவர் எதிர்த்து நின்றவர்களேதான் ஒரே அறையில் உட்கார்ந்தார்கள். ‘சமாதானம் பேசுகிறவன் கோழை’ என்று நினைப்பவர்கள் இதை மீண்டும் ஒருமுறை படிக்க வேண்டும். வழக்கை ரங்கநாதன் விட்டுவிடவில்லை. தன் விவசாயிகளின் உரிமையைப் புட்டண்ணையாவும் விட்டுக் கொடுக்கவில்லை. வழக்கு ஒரு பக்கம் நடந்தது. பேச்சும் நடந்தது.

அவர்கள் செய்த முதல் காரியம் ஒருவர் நிலத்தை ஒருவர் போய்ப் பார்த்தது. இது சிறிய விஷயம்போலத் தோன்றும். ஆனால் மாண்டியா விவசாயி தலைமுறையாகக் கேட்டு வளர்ந்தது என்ன? ‘தஞ்சாவூர்க்காரன் மூன்று போகம் விளைவிக்கிறான், காலுக்கடியில் நிலத்தடி நீர் இருக்கிறது, மிச்சத்தைக் கடலில் விடுகிறான்.’ கடைமடையில் வாய்க்கால் வறண்டு கிடப்பதையும், ஆழத்தில் உப்புநீர் ஏறுவதையும் அவர் கண்ணால் கண்டதில்லை. நம்முடைய தஞ்சை விவசாயி கேட்டு வளர்ந்தது என்ன? ‘அவன் அணைமேல் அணை கட்டிக் கரும்பு போடுகிறான்.’ அங்கேயும் மழையை நம்பி ராகி போட்டுவிட்டு வானத்தைப் பார்த்து நிற்கும் சிறு விவசாயி இருப்பதை இவர் கண்டதில்லை. அடுத்தவன் கஷ்டத்தைப் பார்த்துவிட்டால் நம் உரிமை குறைந்துவிடாது. கேட்கும் தொனிதான் மாறும்.

பிறகு பற்றாக்குறைக் காலப் பங்கீடு பற்றிப் பேசினார்கள். நல்ல மழை பெய்யும் ஆண்டில் சண்டை இல்லை, தீர்ப்பும் தேவையில்லை. மழை தவறும் ஆண்டில் கஷ்டத்தை எப்படிப் பங்கிடுவது என்பதே கேள்வி. சட்டத்தின் பாதை எங்கே போயிற்று என்பது உங்களுக்குத் தெரியும். 2007 பிப்ரவரி 5 அன்று நடுவர் மன்ற இறுதித் தீர்ப்பு: மொத்தம் 740 டி.எம்.சி.யில் தமிழ்நாட்டுக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7. எல்லையில் கர்நாடகம் தர வேண்டியது 192. 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் அந்த 192-ஐ 177.25 ஆகக் குறைத்தது. அதே ஆண்டு ஜூனில் மேலாண்மை ஆணையம் வந்தது. தண்ணீரை அளக்கும் இடம் பிலிகுண்டுலு. நம்முடைய கிருஷ்ணகிரி மாவட்டத்து எல்லையில்! ஆனால் பற்றாக்குறை ஆண்டுக்கு இரு தரப்பும் ஒப்புக்கொண்ட கணக்கு இன்றுவரை கிடையாது. அதனால்தான் 2023-ல் பேருந்துகள் மறுபடியும் ஜூஜூவாடியில் நின்றன. காவிரிக் குடும்பம் எடுத்துக்கொண்ட கேள்வி எவ்வளவு சரியான கேள்வி என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

அவர்களால் அந்தக் கணக்கை முடிக்க முடிந்ததா? முடியவில்லை. பல முறை கூடினார்கள். இரு தரப்பும் கையெழுத்திட்ட ஓர் எண்ணுக்கு வந்து சேரவில்லை. இரு மாநில அரசுகளும் அந்த முயற்சியைக் கையில் எடுத்துக்கொள்ளவும் இல்லை. பிறகு மெல்ல ஓய்ந்தது. உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த இரண்டாம் நாள், 2018 பிப்ரவரி 18 அன்று, புட்டண்ணையா காலமானார்.

இதைத் தோல்வி என்று சொல்லிவிட்டு நகர்வது எளிது. என் கருத்து வேறு. மேசை சரியானது, கேள்வியும் சரியானது. பேசியவர்களுக்குப் பின்னால் நின்று தாங்க ஆள் இல்லை. டெல்டாவும் மாண்டியாவும் பேசின. நடுவில் இருக்கிற ஓசூரும் கிருஷ்ணகிரியும் கனகபுராவும் ஆனேக்கலும், அதாவது கல் விழும்போது முதலில் தலை உடைகிற ஊர்கள், அதில் ஆளாக உட்காரவில்லை.

கடலில் நடந்தது

இன்னொன்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இது உண்மையாகவே இரண்டு நாடுகளுக்கு இடையிலானது. பாக் நீரிணையில் தமிழ்நாட்டு மீனவரும் இலங்கை வடக்கு மீனவரும் ஒரே மொழி பேசுகிறவர்கள். 2004-ல் தமிழக மீனவர் குழு இலங்கைக்குப் போனது. 2010 ஆகஸ்டில் இலங்கை மீனவர்கள் தமிழ்நாட்டுக்கு வந்தார்கள். அரசு அல்ல, மீனவர்களே பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள்: ஓராண்டுக்குள் இழுவை மடியை விட்டுவிடுவது, அதுவரை ஆண்டுக்கு 70 நாட்கள் மட்டும், கரையிலிருந்து குறித்த தூரத்துக்கு அப்பால் மீன் பிடிப்பது. படித்தால் ஆச்சரியமாக இருக்கும். போரில் எல்லாம் இழந்துவிட்டு அப்போதுதான் வலையைக் கையில் எடுத்த வடபகுதி மீனவர், 70 நாட்களை விட்டுக் கொடுக்க முன்வந்தார்!

இரண்டு அரசுகளும் அதை ஏற்று முத்திரை குத்தவில்லை. நம் பக்கத்தில் இழுவைப் படகுகளும் நிற்கவில்லை. 2014-ல் அரசுகள் ஏற்பாடு செய்த பேச்சுகள் சென்னையிலும் கொழும்பிலும் நடந்து முறிந்தன. 2017-ல் இலங்கை இழுவை மடியைச் சட்டம் போட்டே தடை செய்தது. இப்போது கைதும் படகுப் பறிமுதலும் அன்றாடச் செய்தி. நாம் இங்கே ராமேசுவரம் மீனவரின் கண்ணீரைப் பற்றி மட்டும் பேசுகிறோம், பேச வேண்டியதுதான். யாழ்ப்பாணத்து மீனவரின் அறுந்த வலையையும் சேர்த்துப் பேசுகிறவரே நேர்மையாளர்.

‘பேசினால் உரிமை போய்விடும்’ என்பவர்களுக்கு

கூட்டத்தில் ஒரு சகோதரர் கேட்டார்: “இந்த அமைதிக் கூட்டங்களில் தேநீரும் பிஸ்கட்டும் தவிர என்ன கண்டோம்?” நியாயமான கேள்வி. நட்சத்திர ஓட்டலில் கூடி, ஆங்கிலத்தில் தீர்மானம் போட்டு, குழுப் புகைப்படத்தோடு முடியும் மாநாடுகள் உண்டு. பேருந்து எரிகிற அன்று அவர்களில் எவரும் தெருவுக்கு வரமாட்டார்கள். அவர்களைப் பற்றி நான் பேசவில்லை.

ஆழமான ஆட்சேபம் வேறு ஒன்று உண்டு. பேச்சு நியாயத்துக்குப் பதிலாக வைக்கப்படும் அபாயம். மேற்கு ஆசியாவில் 1994 முதல் ‘எக்கோபீஸ்’ என்ற அமைப்பு இயங்குகிறது. ஜோர்டானியர், பாலஸ்தீனர், இஸ்ரேலியர் மூவரும் சேர்ந்து நடத்துவது. ஜோர்டான் ஆற்றின் கீழ்ப்பகுதியில் பழைய நீரோட்டத்தில் பத்தில் ஒரு பங்குகூட இன்று இல்லை. அந்த ஆற்றைக் காக்க வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. ஆற்றுக்காக உழைப்பது நல்லதுதான். ஆனால் நிலத்தையும் கிணற்றையும் இழந்து ஆக்கிரமிப்பின் கீழ் இருப்பவரும் ஆக்கிரமித்தவரும் ஒரு மேசையில் உட்கார்ந்த உடனே சமமாகிவிடுவார்களா? பாலஸ்தீனத்தில் பலர் இப்படிப்பட்ட முயற்சிகளை ஐயத்தோடு பார்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. உரிமையைப் பேசாத உரையாடல் வலியவனுக்கு வசதி, அவ்வளவுதான்.

நம் நிலைமை அதுவா? இல்லவே இல்லை. ஓசூர்க்காரரும் ஆனேக்கல்காரரும் ஒரே அரசியல் சட்டத்தின் குடிமக்கள். நீதிமன்றம் இரண்டு பேருக்கும் திறந்திருக்கிறது. நாம் பேச அஞ்சுவதற்கு என்ன நியாயம்?

இன்னும் கடினமான இடத்தில் பேசியவர்களும் உண்டு. 1994-ல் லாகூரில் தொடங்கிய இந்திய–பாகிஸ்தான் மக்கள் மன்றத்தின் ஐந்தாவது கூட்டு மாநாடு எங்கே நடந்தது தெரியுமா? பெங்களூரில், 2000 ஏப்ரலில். கார்கில் போர் முடிந்து ஓராண்டுகூட ஆகவில்லை. அந்த இயக்கத்தில் நின்ற இந்தியக் கடற்படையின் முன்னாள் தலைமைத் தளபதி அட்மிரல் ராம்தாஸுக்கும் பாகிஸ்தானியப் பத்திரிகையாளர் ஐ.ஏ.ரஹ்மானுக்கும் 2004-ல் மகசேசே விருது சேர்த்தே வழங்கப்பட்டது. அவர்களால் போர்ச் சூழல் மாறிவிட்டதா என்றால், இல்லை. 1960-ல் கையெழுத்தாகி மூன்று போர்களைத் தாண்டிய சிந்து நதி ஒப்பந்தத்தையே, பஹல்காம் படுகொலைக்குப் பின் 2025 ஏப்ரலில் இந்தியா நிறுத்தி வைத்தது. அரசுகளின் கோபத்தைக் குடிமக்கள் மன்றத்தால் தடுத்துவிட முடியாது. ஆனால் கோபம் தணிகிற அன்று யாரைக் கூப்பிட்டுப் பேசுவது என்பது அந்த மன்றத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்குத் தெரியாது.

நம் வாசலில் நுரைப்பது எது?

இப்போது உங்கள் கையருகே உள்ள விஷயத்துக்கு வருகிறேன். கெலவரப்பள்ளி அணைக்கு மழைக்காலத்தில் போயிருக்கிறீர்களா? மதகுக்குக் கீழே வெள்ளை வெளேரென்று நுரை மலைபோல எழும்பும். நாற்றம் தாங்க முடியாது. தென்பெண்ணை நந்தி மலையில் பிறந்து, பெங்களூருவின் கிழக்குப் பக்கமாக இறங்கி, ஓசூருக்கு அருகே நம் மாநிலத்துக்குள் வருகிறது. பெங்களூருவின் கழிவுநீர் பெல்லந்தூர் ஏரிக்கும், அங்கிருந்து வர்த்தூர் ஏரிக்கும், பிறகு இந்த ஆற்றுக்கும் வருகிறது. 2017 பிப்ரவரியிலும் 2018 ஜனவரியிலும் தீப்பற்றி எரிந்ததே, அதே பெல்லந்தூர் ஏரிதான். தண்ணீர் எரிகிறது என்றால் அதில் என்ன கலந்திருக்கும் என்று நீங்களே யோசியுங்கள். அது கெலவரப்பள்ளி வந்து, கிருஷ்ணகிரி அணை போய், சாத்தனூர் வழியாகக் கடலூரில் கடலை அடைகிறது.

இதில் ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். பெங்களூரு குடிப்பது எந்தத் தண்ணீர்? பெரும்பகுதி காவிரி. சுமார் நூறு கிலோமீட்டர் தூரத்திலிருந்து இறைத்துக் கொண்டுவருகிறார்கள். குடித்து, குளித்து, துவைத்து வெளியே விட்டதில் ஒரு பங்கு தென்பெண்ணைக்கு வருகிறது. இன்னொரு பங்கு விருஷபாவதி, அர்க்காவதி வழியாக மறுபடி காவிரியிலேயே சேர்ந்து பிலிகுண்டுலுவுக்கு வருகிறது. எந்தத் தண்ணீருக்காக 1991-ல் உயிர் போனதோ அந்தத் தண்ணீரே நுரையாக நம் வயலுக்கு வந்துகொண்டிருக்கிறது. இதற்காக இரு பக்கமும் ஒரு பந்த்கூட நடந்ததாக நினைவில்லை!

இன்னொரு வேடிக்கை. நம் இரு மாவட்டங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு. பல் கறுத்து, எலும்பு வளைந்து தவித்தவர்கள் ஏராளம். அதற்காக ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2008-ல் அதை வைத்தும் இரு மாநில அரசியலும் கொதித்தது. 2013-ல் திட்டம் நடைமுறைக்கு வந்தது. கடன் கொடுத்தது ஜப்பானின் சர்வதேச ஒத்துழைப்பு முகமை. பெங்களூருவின் காவிரிக் குடிநீர்த் திட்டங்களுக்கும், 2024 அக்டோபரில் தொடங்கிய ஐந்தாம் கட்டம் உட்பட, கடன் கொடுத்தது அதே முகமைதான். டோக்கியோவில் இருப்பவர் இரு பக்கத்தாரோடும் உட்கார்ந்து பேசுகிறார். கோலார் மாவட்டத்திலும் இதே ஃபுளோரைடு உண்டு. மாலூர்க்காரரும் பாகலூர்க்காரரும் பல் வலியைப் பற்றிக்கூடத் தமக்குள் பேசிக்கொள்வதில்லை.

தென்பெண்ணைக்கும் வழக்கு இருக்கிறது. மார்க்கண்டேய நதியில் யார்கோள் அணை விவகாரம் உட்பட எல்லாவற்றையும் சேர்த்து 2018-ல் தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் சென்றது. அந்த வழக்கு நடக்கட்டும். அது பங்கு பற்றியது. நுரை பங்கு பற்றியது அல்ல. இதில் பெங்களூருவின் சாதாரண மனிதர் நமக்கு எதிரி இல்லை. பெல்லந்தூர்ப் புகையை முதலில் சுவாசித்தவர் அவர்தான். வர்த்தூர் ஏரிக்காக வருடக்கணக்கில் போராடிய குடியிருப்போர் அங்கே இருக்கிறார்கள். கெலவரப்பள்ளிப் பாசன விவசாயிகள் இங்கே இருக்கிறார்கள். ஒரே கழிவுநீரின் இரு முனையில் நிற்கும் இவர்களை அறிமுகப்படுத்தி வைக்கத் தகுதியானவர்கள் யார்? இரு பக்கமும் உறவு வைத்திருக்கிற, உருதும் கன்னடமும் தெலுங்கும் தமிழும் ஒரே தெருவில் பேசுகிற நம் ஊர் மக்களைத் தவிர வேறு யார்? 1956-ல் மாநிலங்களைப் பிரித்தபோது கொள்ளேகால் அந்தப் பக்கம் போனது. ஓசூர் இந்தப் பக்கம் நின்றது. கோடு கிழித்தவர்கள் நம் வீட்டுப் பேச்சைப் பிரிக்கவில்லை.

ஆகவே கூட்டத்தில் நான் முன்வைத்த யோசனையை உங்களுக்கும் சொல்கிறேன். இந்தப் பக்கம் ஓசூர், பாகலூர், கெலவரப்பள்ளிப் பாசனப் பகுதி, கிருஷ்ணகிரி அணைப் பகுதி. அந்தப் பக்கம் வர்த்தூர், சர்ஜாபூர், ஆனேக்கல், மாலூர். ஊருக்கு ஐந்து பேர். அதில் இருவர் பெண்களாக இருக்கட்டும். தண்ணீரைப் பிடித்து வைப்பவர்களும் நாற்றத்தில் சமைப்பவர்களும் அவர்கள்தாம். ஒருவர் விவசாயி, ஒருவர் ஆலைத் தொழிலாளி, ஒருவர் வியாபாரி. எந்த மதத்தவராக இருந்தால் என்ன, எந்தக் கட்சிக்காரராக இருந்தால் என்ன? துண்டையும் கொடியையும் வீட்டில் வைத்துவிட்டு வர வேண்டும். வெளிநாட்டு நிதியும் வேண்டாம், உள்ளூர்த் தலைவரின் நன்கொடையும் வேண்டாம். பேருந்துக் கட்டணம் அவரவர் கைக்காசு.

முதல் கூட்டத்தில் தீர்மானம் போடக் கூடாது. நம்மவர்கள் வர்த்தூர் ஏரிக்கரையில் ஒரு நாள் நிற்க வேண்டும். அவர்கள் கெலவரப்பள்ளி மதகில் ஒரு நாள் நிற்க வேண்டும். இரண்டாவது கூட்டத்துக்கு முன் ஒரு வேலை: தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-ன்கீழ் எந்த இந்தியக் குடிமகனும் எந்த மாநில வாரியத்தையும் கேட்கலாம். ஓசூர்க்காரர் கர்நாடக மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுதட்டும்: ‘வர்த்தூருக்குக் கீழே ஆற்றுநீரை மாதந்தோறும் சோதித்த அறிக்கை வேண்டும்.’ வர்த்தூர்க்காரர் தமிழ்நாடு வாரியத்துக்கு எழுதட்டும்: ‘ஓசூர் ஆலைகளின் கழிவு இந்த ஆற்றில் கலக்கிறதா? சோதனை அறிக்கை வேண்டும்.’ ஆம், நம் ஆலைகளையும் அவர்கள் கேட்க வேண்டும். ‘எல்லாம் மேலிருந்துதான் வருகிறது’ என்று நாம் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் அவர்கள் நம்ப மாட்டார்கள், நம்பவும் கூடாது. இரண்டு அறிக்கைகளையும் ஒரே மேசையில் விரித்து வைப்பதுதான் இரண்டாவது கூட்டத்தின் ஒரே வேலை.

மூன்றாவதாக ஒரு தொலைபேசிப் பட்டியல். காவிரியோ மேகதாதுவோ, அடுத்த முறை எதற்காகவாவது பந்த் அறிவிக்கப்படும். அன்று காலை ஜூஜூவாடியில் இறக்கிவிடப்படும் நோயாளியை அந்தப் பக்கம் ஏற்றிக்கொள்ள வண்டி அனுப்பக்கூடியவர் யார், அத்திப்பள்ளியில் மாட்டிக்கொள்ளும் கன்னட ஓட்டுநருக்கு இந்தப் பக்கம் சாப்பாடும் தங்க இடமும் கொடுக்கக்கூடியவர் யார் என்று எண்களோடு எழுதி, இரு பக்கத்துக் காவல் நிலையங்களிலும் ஒவ்வொரு பிரதி கொடுத்து வைக்க வேண்டும். இதற்கு முதல்வர்களின் அனுமதி தேவையில்லை.

வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் பின் உங்கள் பள்ளிவாசல் நிர்வாகிகளிடம் இதைப் பேசுங்கள். கோயில், தேவாலயப் பெரியவர்களிடமும் பேசுங்கள். தென்மேற்குப் பருவமழை தொடங்கும் முன், மே மாதத்துக்குள், வர்த்தூர்க் கரைக்குப் போய்வர வேண்டும். ஜூன் வந்தால் எல்லோரும் பிலிகுண்டுலு அளவைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள்.